டூப்ளிகேட் என்ட்ரி எர்ரர் ஏன் வருது? பிரைமரி கீ தந்த எட்கர் காட் யார்?

பழைய சாஃப்ட்வேரில் இருந்த வாடிக்கையாளர் பட்டியலைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஆயிரக்கணக்கான வரிகள் கடகடவென ஏறுகின்றன. திடீரென எல்லாம் நின்றுவிடுகிறது. திரையில் ஒரே ஒரு வரி: டூப்ளிகேட் என்ட்ரி. நீங்கள் நுழைக்கப் பார்க்கும் எண் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதாம்.

மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துபவர்களுக்கு இது எர்ரர் 1062. போஸ்ட்கிரெஸில் 23505. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் 2627. ஆரக்கிளில் இதன் எண்ணே 00001. பட்டியலில் முதல் ஆளே இவர்தான்!

இந்த இடத்தில் பலரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பிரைமரி கீ விதியைக் கொஞ்ச நேரம் தூக்கிவிட்டு, டேட்டாவை ஏற்றிவிட்டு, அப்புறம் பார்த்துக்கலாம் என்று நினைப்பது. அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வராது. ஆறு மாதம் கழித்து ஒரே ஆளுக்கு இரண்டு பில் போகும்போதுதான் வரும்.

அந்த எர்ரர் உங்கள் எதிரி இல்லை, காவல்காரர். அவரை வாசலில் நிற்க வைத்தவர் ஒரு முன்னாள் போர் விமானி. 1970-ல் 11 பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி, உலகம் தகவலைச் சேமிக்கும் முறையையே மாற்றியவர். ஆனால் அவர் சொன்னதில் முக்கியமான ஒரு விஷயத்தைச் சந்தை அரைகுறையாகத்தான் கேட்டது. இன்றைக்கு நாம் படும் டூப்ளிகேட் தொல்லையில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

யார் இந்த எட்கர் காட்?

எட்கர் ஃபிராங்க் காட். நண்பர்களுக்கு டெட். தமிழில் எழுதினால் கடவுளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மாதிரி இருக்கும், குழப்பிக்க வேண்டாம். 1923 ஆகஸ்ட் 19-ல் இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியில் உள்ள போர்ட்லேண்ட் தீவில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா தோல் பொருள் தயாரிப்பாளர், அம்மா பள்ளி ஆசிரியை.

ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸிடர் கல்லூரியில் கணிதமும் வேதியியலும் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர். படிப்பைக் காட்டிப் போருக்குப் போகாமல் இருந்திருக்கலாம். அவர் தானாகவே விமானப் படையில் சேர்ந்தார். கடலோரக் காவல் பிரிவில் சண்டர்லேண்ட் ரகக் கடல் விமானங்களை ஓட்டினார். போர் முடிந்து திரும்பி வந்து படிப்பை முடித்தார்.

1948-ல் நியூயார்க் போய் ஐபிஎம் நிறுவனத்தில் புரோகிராமராகச் சேர்ந்தார். அன்றைய கம்ப்யூட்டர் ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொள்ளும். எஸ்எஸ்இசி என்ற அப்படியொரு ராட்சத இயந்திரத்துக்குத்தான் அவர் முதலில் புரோகிராம் எழுதினார்.

1953-ல் அமெரிக்காவை விட்டே கிளம்பிவிட்டார். காரணம் வேலை இல்லை, அரசியல். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அது பிடிக்காமல் கனடாவின் ஒட்டாவாவுக்குப் போனார். சில வருஷம் கழித்து, 1957-ல் திரும்பி வந்து மறுபடியும் ஐபிஎம். பிடிக்காத இடத்தில் இருக்க மாட்டார், தப்பு என்று பட்டதை விடவும் மாட்டார். பின்னால் நடந்த சண்டைகளைப் புரிந்துகொள்ள இந்தக் குணத்தை ஞாபகம் வச்சுக்கங்க.

நாற்பது வயதை ஒட்டி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி படித்து, 1965-ல் முடித்தார். தலைப்பு என்ன தெரியுமா? தன்னைத்தானே நகல் எடுத்துக்கொள்ளும் அமைப்புகள். கணித மேதை ஜான் வான் நாய்மன் 29 நிலைகள் கொண்ட கட்டங்களை வைத்துச் செய்ததை, காட் 8 நிலைகளிலேயே செய்யலாம் என்று காட்டினார். நகல் எடுப்பதைப் பற்றி டாக்டர் பட்டம் வாங்கியவர், அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க நகல் கூடாது என்று வாதாடினார்!

அப்போது டேட்டாவை எப்படி வச்சிருந்தாங்க?

பட்டம் வாங்கியபின் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரில் இருந்த ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார். அங்கே அவர் பார்த்த டேட்டாபேஸ்கள் இன்றைய மாதிரி டேபிள்களாக இல்லை. ஐபிஎம்மின் ஐஎம்எஸ் ஒரு மரம் மாதிரி. மேலே வேர், கீழே கிளை, அதற்குக் கீழே இலை. நிலவுக்குப் போன அப்போலோ திட்டத்தின் லட்சக்கணக்கான உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க உருவானது அது. இன்னொரு பக்கம் சார்லஸ் பேக்மன் உருவாக்கிய முறை. அதில் ஒரு பதிவில் இருந்து இன்னொரு பதிவுக்குச் சங்கிலி போட்டு வைத்திருப்பார்கள். புரோகிராமர் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

ரெண்டிலும் ஒரே சிக்கல். ஒரு தகவல் எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் போனால் கிடைக்கும் என்பது புரோகிராமருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழியை மாற்றினால் புரோகிராம் உடையும். தெரு பெயர் மாறினதும் தபால்காரர் வழி தெரியாமல் நிற்பது மாதிரி.

காட் கணிதக்காரர் இல்லையா? அவர் கேட்டது வேறு கேள்வி. டேட்டா எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, டேட்டா என்ன சொல்கிறது என்பதை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாதா?

1969-ல் ஐபிஎம்முக்குள் ஒரு அறிக்கை. அதை விரித்து 1970 ஜூனில், கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் இதழில் அந்த 11 பக்கக் கட்டுரை. எல்லாத் தகவலையும் டேபிள்களாக வைக்கலாம், டேபிளை டேபிளோடு சேர்ப்பது அதில் உள்ள மதிப்புகளே, ரகசியச் சங்கிலி எதுவும் தேவையில்லை என்றார். ரிலேஷனல் மாடல் பிறந்தது.

சரி, பிரைமரி கீ எங்கே வந்தது?

அதே கட்டுரையில்தான். கொஞ்சம் நின்று யோசித்தால் ஏன் என்று புரியும். பழைய முறையில் ஒரு பதிவுக்கு இருப்பிடம்தான் அடையாளம். இந்த வேரின் மூணாவது கிளையில் ரெண்டாவது இலை என்று சொல்லிவிடலாம். அந்த இருப்பிடத்தை காட் தூக்கி எறிந்துவிட்டார். அப்படியானால் ஒரு வரியை எப்படி அடையாளம் சொல்வது? அந்த வரிக்குள் இருக்கும் மதிப்பை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு வரியை மற்ற எல்லா வரிகளில் இருந்தும் பிரித்துக் காட்டும் மதிப்புக்கு அவர் வைத்த பெயர்தான் பிரைமரி கீ. இன்னொரு டேபிளில் இருந்து அந்தக் கீயைச் சுட்டிக்காட்டுவதற்கு ஃபாரின் கீ என்ற பெயரும் அதே கட்டுரையில் வருகிறது.

அவருக்கு டேபிள் என்பது கணிதத்தில் வரும் கணம். ஒரு கணத்தில் ஒரே உறுப்பு இரண்டு முறை இருக்க முடியாது. 2, 3, 3 என்று எழுதினாலும் அது 2, 3 தான். ஆகவே அவருடைய மாடலில் டூப்ளிகேட் வரி என்பது தடை செய்யப்பட்ட ஒன்று கூட இல்லை. அப்படி ஒன்று இருக்கவே வழியில்லை.

கட்டுரையில் அவர் கொடுத்த உதாரணம் ஊழியர் பட்டியல். ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு எண், அதுதான் கீ. பெயர் இல்லை, ஏன்னா ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம். அந்த ஊழியர் எந்தத் தேதியில் எந்தப் பதவிக்கு வந்தார் என்று இன்னொரு டேபிள். அங்கே கீ, ஊழியர் எண் மட்டும் இல்லை. ஊழியர் எண்ணும் தேதியும் சேர்ந்ததுதான் கீ.

நம்ம ஊர் ஆபீஸ்களிலும் டூப்ளிகேட் எர்ரருக்கு இது ஒரு பெரிய காரணம். பதவி வரலாறு டேபிளில் ஊழியர் எண்ணை மட்டும் பிரைமரி கீயாக வைத்துவிடுவார்கள். முதல் பதவி சரியாக ஏறும். பதவி உயர்வு வந்ததும், அதே எண்ணில் இரண்டாவது வரி போட முடியாது, எர்ரர் வரும். இங்கே டேட்டாவில் ஒரு தப்பும் இல்லை. கீயைத் தேர்ந்தெடுத்ததில்தான் தப்பு. இதற்காக டேட்டாவை அழிக்க ஆரம்பித்தீர்கள் என்றால் ஒருத்தருடைய பழைய பதவி காணாமல் போகும்.

அதனால் எர்ரர் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மோதுகிற ரெண்டு வரிகளையும்தான். உள்ளே இருப்பது ஒண்ணு, நீங்கள் நுழைக்கப் பார்ப்பது ஒண்ணு. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இது ஒரே விஷயம் ரெண்டு தடவை வருகிறதா, இல்லை ரெண்டு வேற விஷயங்கள் ஒரே எண்ணில் வருகிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எதையும் தொடக் கூடாது. ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ஒரே விஷயம் என்றால் ஒன்றை விட வேண்டும். வேற வேற என்றால் ஒன்றுக்குப் புது எண் கொடுக்க வேண்டும்.

ஐபிஎம் ஏன் கண்டுக்கல?

இவ்வளவு பெரிய யோசனை சொந்த நிறுவனத்திலேயே பிறந்திருக்கிறது. ஐபிஎம் துள்ளிக் குதித்திருக்க வேண்டும் இல்லையா? நடக்கவில்லை. ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அதற்குப் போட்டியாக ஒன்றைத் தாங்களே கொண்டு வர யாருக்கு மனசு வரும்?

1973-ல் கம்ப்யூட்டர் உலகின் உயர்ந்த விருதான டூரிங் விருது பேக்மனுக்குப் போனது. 1974-ல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் காட் தரப்பும் பேக்மன் தரப்பும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். டேபிள் முறை அழகாக இருக்கிறது, ஆனால் வேகமாக ஓடுமா என்பதுதான் எதிர்த் தரப்பின் சந்தேகம். அது நியாயமான சந்தேகம்தான். அன்றைய இயந்திரங்களின் வேகம் அப்படி.

அந்தக் காலகட்டத்தில்தான் சான் ஹோசேயில் சிஸ்டம் ஆர் என்ற சோதனைத் திட்டம் தொடங்கியது. அங்கே டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இருவர் சீக்வெல் என்ற மொழியை உருவாக்கினார்கள். 1974-ல் அது வெளியானது. அதே வருஷம் பாய்ஸ் இளம் வயதிலேயே இறந்துபோனார். டிரேட்மார்க் சிக்கலால் மொழியின் பெயர் எஸ்க்யூஎல் ஆனது. இன்று உலகமே பயன்படுத்துவது அதைத்தான்.

காட் தானே ஆல்ஃபா என்ற மொழியை முன்மொழிந்திருந்தார். அது ஓரமாகப் போனது. அவரும் சிஸ்டம் ஆர் வேலையின் மையத்தில் இல்லை. சாதாரண ஆங்கிலத்தில் டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் ரான்டவூ என்ற வேறு திட்டத்தில் இறங்கிவிட்டார். கம்ப்யூட்டரோடு பேச்சு மொழியில் பேசும் ஆசை அப்பவே வந்திருக்கு, பாருங்க.

வெளியில் இருந்தவர்கள் காட் கட்டுரையைப் படித்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் இன்கிரெஸை உருவாக்கினார்கள். இன்றைய போஸ்ட்கிரெஸ் அந்த வம்சம்தான். 1977-ல் லாரி எலிசனும் கூட்டாளிகளும் தொடங்கிய நிறுவனம், 1979-ல் ஆரக்கிளைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஐபிஎம்மின் எஸ்க்யூஎல்/டிஎஸ் வந்தது 1981-ல், டிபி2 வந்தது 1983-ல்.

காட் ஜெயிச்சாரா, தோத்தாரா?

டேபிள் ஜெயித்தது. 1981-ல் காட்டுக்கும் டூரிங் விருது கிடைத்தது. ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை.

எஸ்க்யூஎல்லில் ஒரே மாதிரியான இரண்டு வரிகள் ஒரு டேபிளில் இருக்கலாம். பிரைமரி கீ இல்லாமலேயே டேபிள் உருவாக்கலாம். மொழியை உருவாக்கியவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. ஒவ்வொரு முறையும் டூப்ளிகேட்டைத் தேடி நீக்கினால் நேரம் ஆகும், செலவு ஆகும். வேண்டும் என்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

காட் இதை ஏற்கவே இல்லை. ஒரு மளிகை பில்லை எடுத்துக்கங்க. ரெண்டு பால் பாக்கெட் வாங்கினீர்கள். பில்லில் பால் பாக்கெட் என்று ஒரே மாதிரி ரெண்டு வரி. அதில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். இப்போது எந்த வரியை நீக்குவது? கம்ப்யூட்டரிடம் பால் பாக்கெட் வரியை நீக்கு என்றால் ரெண்டையும் நீக்கும். இதை மட்டும் நீக்கு என்று சொல்ல 'இது' எது என்று காட்ட ஒரு வழியும் இல்லை. வரிசை எண்ணோ, எத்தனை என்ற எண்ணிக்கையோ இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வராது. பிரைமரி கீ இல்லாத டேபிளில் டூப்ளிகேட்டைச் சுத்தம் செய்திருக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி நல்லாவே தெரியும்.

1986-ல் எஸ்க்யூஎல்லுக்கு அமெரிக்காவில் முதல் தர நிர்ணயம் வந்தது. அதில் பிரைமரி கீ என்ற சொல்லே கிடையாது. மதிப்பு திரும்ப வரக் கூடாது என்று சொல்லும் யூனிக் மட்டும் இருந்தது. பிரைமரி கீயும் ஃபாரின் கீயும் 1989 பதிப்பில்தான் சேர்ந்தன. காட் எழுதி 19 வருஷம் கழித்து!

யூனிக் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பிரைமரி கீ காலியாக இருக்கக் கூடாது. யூனிக் பத்தி காலியாக இருக்கலாம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் காலி மதிப்புள்ள வரிகள் எத்தனை வேண்டுமானாலும் உள்ளே போகும், வழக்கமான அமைப்பில் ஒன்றையொன்று மோதாது. யூனிக் போட்டிருக்கேன், எப்படி டூப்ளிகேட் வந்தது என்று தேடுகிறவர்கள் முதலில் அந்தக் காலி வரிகளைப் பாருங்க.

12 விதிகளின் கதை

1984-ல் காட் ஐபிஎம்மில் இருந்து ஓய்வு பெற்றார். அப்போது ரிலேஷனல் என்ற சொல் ஃபேஷன் ஆகியிருந்தது. பழைய சாஃப்ட்வேருக்கு மேலே புது லேபிள் ஒட்டி, எங்களுடையதும் ரிலேஷனல்தான் என்று விற்றார்கள். காட்டுக்குக் கோபம். 1985 அக்டோபரில் கம்ப்யூட்டர்வேர்ல்ட் பத்திரிகையில் இரண்டு பகுதிகளாக எழுதி, உண்மையான ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு விதிகள் போட்டார். 12 விதிகள் என்று பெயர். பூஜ்ஜியத்தில் இருந்து எண்ணுவதால் கணக்கில் 13.

அதில் இரண்டாவது விதி நம் கதைக்கு முக்கியம். டேபிளின் பெயர், பிரைமரி கீயின் மதிப்பு, பத்தியின் பெயர், இந்த மூணும் தெரிந்தால் டேட்டாபேஸில் இருக்கும் எந்த ஒரு தகவலையும் எடுக்க முடிய வேண்டும். ஒரே கீயில் ரெண்டு வரி இருந்தால் இந்த உத்தரவாதம் போச்சு. வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து இருப்பு எவ்வளவு என்று கேட்டால் ரெண்டு பதில் வந்தால் எப்படி இருக்கும்? அவ்வளவுதான் விஷயம்.

எர்ரர் எங்கிருந்து கிளம்புது?

மூணு இடங்களைச் சொல்லலாம். நிறைய பேரைக் கடிப்பது முதலாவதுதான்.

போஸ்ட்கிரெஸ் மாதிரியான சிஸ்டங்களில் அடுத்த எண்ணைக் கொடுக்க சீக்வென்ஸ் என்ற தனி கவுன்ட்டர் இருக்கும். டோக்கன் கொடுக்கும் மெஷின் மாதிரி. பழைய டேட்டாவை அதன் பழைய எண்களோடு நேரடியாக ஏற்றினால், அந்த மெஷினுக்கு அது தெரியாது. டேபிளில் 5,000 வரை எண்கள் வந்திருக்கும், மெஷின் இன்னும் 1-லேயே நிற்கும். அடுத்து யாராவது புதுசா ஒரு வரி போட்டால் மெஷின் 1 என்று டோக்கன் கொடுக்கும். மோதல். இன்னொரு விஷயம், ஒவ்வொரு தோல்விக்கும் மெஷின் ஒரு எண் நகர்ந்துவிடும், பின்னால் வராது. இடைவெளி குறைவாக இருந்தால், நாலு தடவை பட்டனை அழுத்தியதும் ஐந்தாவது தடவை வேலை செய்துவிடும். தானா சரியாயிடுச்சு என்று போய்விடுவார்கள், காரணம் தெரியாமலே. டேபிளில் இருக்கும் மிகப் பெரிய எண்ணைப் பார்த்து, கவுன்ட்டரை அதற்கு மேலே நகர்த்திவிட்டால் முடிந்தது வேலை.

ரெண்டாவது, நாமே எழுதும் கணக்கு. இருக்கிறதிலேயே பெரிய எண்ணை எடு, ஒன்றைக் கூட்டு, அதுதான் புது எண். ஒரே ஆள் வேலை பார்த்தால் அருமையாக ஓடும். ரெண்டு பேர் ஒரே நொடியில் பார்த்தால் ரெண்டு பேருக்கும் ஒரே எண் கிடைக்கும். டெஸ்டிங்கில் வராது, கூட்டம் வரும் நாளில்தான் வரும். இந்தக் கணக்கை விட்டுவிட்டு எண் கொடுக்கும் வேலையை டேட்டாபேஸிடமே விடுங்கள்.

மூணாவது, பெரிய எழுத்து சின்ன எழுத்து. ஆங்கிலக் குறியீடுகளைக் கீயாக வைத்திருந்தால், வழக்கமான அமைப்பில் ஆரக்கிள் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும், மைஎஸ்க்யூஎல் ஒன்றாகப் பார்க்கும். அங்கே சண்டையில்லாமல் இருந்த ரெண்டு வரிகள் இங்கே வந்ததும் மோதும்.

ஏற்கெனவே உள்ளே புகுந்த டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்கணுமா? கீயாக இருக்க வேண்டிய பத்தியை வைத்து குரூப் பை போட்டு, எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் உள்ளதை மட்டும் ஹேவிங் மூலம் கேளுங்கள். பட்டியல் வந்துவிடும். நீக்குவதற்கு முன் பேக்கப். அதைவிட முக்கியம், நீக்கப் போகும் வரியைச் சுட்டிக்கொண்டு வேறு டேபிளில் பில்லோ ரசீதோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவற்றை முதலில் நிலைத்து நிற்கும் வரிக்கு மாற்றணும்.

குறுக்கு வழிகளும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் இன்சர்ட் இக்னோர் என்று போட்டால் மோதும் வரியைச் சத்தம் இல்லாமல் விட்டுவிடும். ரிப்ளேஸ் என்று போட்டால் பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். அந்தப் பழைய வரியோடு தொடர்புள்ள வரிகளும் சேர்ந்து அழியும்படி அமைத்திருந்தால், அவையும் போகும். அந்த ரெண்டு வரியும் வேறு வேறு ஆட்கள் என்றால், ஒருவரை நீங்களே காணாமல் அடித்துவிட்டீர்கள். எர்ரர் போயிடுச்சு என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதை யோசிக்கணும்.

காட் தன்னையே கேட்ட கேள்வி

இவ்வளவு பிடிவாதக்காரர், தன் யோசனையில் இருந்த ஓட்டையையும் மறைக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான்.

1979-ல் எழுதிய இன்னொரு கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் இது. ரெண்டு நிறுவனங்கள் இணைகின்றன. ரெண்டிலும் ஊழியர் எண்கள் இருக்கின்றன. பட்டியலைச் சேர்த்தால் சில எண்களை, ஏன் எல்லா எண்களையுமே மாற்ற வேண்டி வரலாம். அப்போது அந்த எண்ணை வைத்து எழுதிய பழைய பதிவுகள் என்ன ஆவது? மனிதர்கள் கொடுக்கும் எண் மாறும். ஒரே ஆளை ஒரு டேபிள் ஊழியர் எண்ணாலும் இன்னொரு டேபிள் அரசு கொடுத்த எண்ணாலும் அழைக்கலாம். எண் கொடுப்பதற்கு முன்பே ஒருவரைப் பற்றிக் குறித்து வைக்க வேண்டியும் வரலாம்.

அவர் சொன்ன வழி, சிஸ்டமே உள்ளுக்குள் ஒரு அடையாளம் கொடுக்கட்டும் என்பது. சரகேட் என்று அதற்குப் பெயர். மனிதர் அதை மாற்ற முடியாது. இன்று நாம் டேபிளுக்கு டேபிள் ஐடி என்று ஒரு பத்தி வைத்து 1, 2, 3 என்று தானாக ஏற விடுகிறோமே, கிட்டத்தட்ட அந்த வழிதான்.

ஆனால் அதை நாம் பாதியாகத்தான் எடுத்துக்கொண்டோம். ஐடி தானாக ஏறுகிறது, ஆகவே எர்ரர் வராது. ஒரு வாடிக்கையாளரை ரெண்டு தடவை பதிந்தால் 101 என்று ஒரு வரி, 102 என்று ஒரு வரி. கீ மோதவே இல்லை. டேட்டாபேஸ் அமைதியாக இருக்கிறது. ஆனால் ஒரே ஆள் ரெண்டு ஆள் ஆகிவிட்டார். செல்போனில் பணம் கட்டும் பட்டனை நெட் ஸ்லோவாக இருக்கிறது என்று ரெண்டு தடவை அழுத்தினால் ரெண்டு பதிவு விழுவதும் இதே கதைதான். சத்தம் போடும் டூப்ளிகேட்டை விட சத்தம் போடாத இந்த டூப்ளிகேட் ஆபத்து. ஐடி இருந்தாலும், நிஜ உலகில் ஒருவரைப் பிரித்துக் காட்டும் எண்ணுக்கு, அல்லது ஒரு பரிவர்த்தனைக்கான குறியீட்டுக்கு, தனியாக யூனிக் விதி போடுவதும் அந்தப் பத்தி காலியாக இருக்கக் கூடாது என்று கட்டாயமாக்குவதும் அதனால்தான்.

கடைசிக் காலம்

ஓய்வுக்குப் பின் காட், நெருங்கிய சகாவான கிறிஸ் டேட்டோடு சேர்ந்து ஆலோசனை நிறுவனம் நடத்தினார். 1990-ல் ரிலேஷனல் மாடலின் இரண்டாம் பதிப்பு என்று தடிமனான புத்தகம் எழுதினார். 12 விதிகள் அதில் 333 அம்சங்களாகப் பெருகியிருந்தன. அதே வருஷம், ஐபிஎம்மில் உடன் பணியாற்றிய கணிதவியலாளர் ஷாரன் வெயின்பெர்க்கை மணந்தார். இது அவருக்கு இரண்டாவது திருமணம்.

1993-ல் ஒரு சறுக்கல். ஓலாப் என்ற தரவு ஆய்வு முறை பற்றி அவர் பெயரில் வந்த கட்டுரைக்கு, அந்தத் துறையில் பொருள் விற்கும் நிறுவனமே பணம் கொடுத்தது என்று தெரிய வந்து விமர்சனம் எழுந்தது. லேபிள் ஒட்டி விற்கிறார்கள் என்று கோபப்பட்டவர் என்பதால் அது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தியது.

2003 ஏப்ரல் 18-ல் ஃபுளோரிடாவில் உள்ள வில்லியம்ஸ் ஐலண்டில், இதயச் செயலிழப்பால் காலமானார். வயது 79. அடுத்த வருஷம், டேட்டாபேஸ் துறையின் முக்கிய விருதுகளில் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

கீ இல்லாத டேபிள் என்ன ஆனது? மைஎஸ்க்யூஎல் 2022-ல் வெளியிட்ட 8.0.30 பதிப்பில் ஒரு வசதி வந்தது. நீங்கள் பிரைமரி கீ வைக்க மறந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீயை அதுவே டேபிளில் சேர்த்துவிடும். ஆனால் அந்த வசதி ஆஃப் ஆன நிலையில்தான் வருகிறது. நீங்கதான் ஆன் பண்ணிக்கணும்.